வசனம் புரியலையா? காதை மட்டும் குத்தம் சொல்லாதீங்க

1/ "அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு டாக்டர், டிவி சவுண்டைக் கூட்டிக்கிட்டே போறாரு." ஓபியில அடிக்கடி கேக்குற புகார். காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்குறோம், கேட்புத்திறன் சோதனைக்கு அனுப்புறோம். டிவியில இருந்து வர்ற ஒலி ஒழுங்கா இருக்கான்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல.

2/ நீங்களே சோதிச்சுப் பாருங்க. செய்திக்கு வால்யூம் 20 போதும். அதே டிவியில ஓடிடி படம் போட்டா வசனத்துக்கு 45 வேணும். சண்டை வந்ததும் தொட்டில்ல தூங்குற குழந்தை அலறும், 15க்கு இறக்கணும். ரிமோட்டும் கையுமா உக்காந்திருக்கறது அப்பா மட்டுமில்ல, 25 வயசுப் பையனும்தான்.

3/ ஏன்? பெரிய படங்களோட ஒலி முதல்ல தியேட்டருக்காகக் கலக்கப்படுது. 5.1ன்னா முன்னாடி இடது, வலது, நடு. பக்கவாட்டுல ரெண்டு சரவுண்ட். அந்த ".1" அதிர வைக்கிற வூஃபர். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல, அதுக்குன்னே தனி இடத்துல வரும்.

4/ உங்க டிவியில இருக்கறது ரெண்டே ஸ்பீக்கர். ஆறு தடத்தை ரெண்டுக்குள்ள அடைக்கறதுக்குப் பேர்தான் டவுன்மிக்ஸ். வழக்கமான கணக்கு: இடது + 0.707 மடங்கு நடு + 0.707 மடங்கு இடது சரவுண்ட். வலதுக்கும் இதே மாதிரி. வூஃபர் தடத்தைப் பெரும்பாலும் விட்டுடுவாங்க.

5/ கூட்டிப் பாருங்க, உச்சத்துல 2.4 மடங்கு வரைக்கும் போகும். அப்படியே விட்டா ஒலி உடைஞ்சு கரகரக்கும். அதுக்குப் பயந்து பல கருவிகள் மொத்த ஒலியையும் குறைச்சுடும். முழுசாக் குறைச்சா சுமார் 7.7 டெசிபல். வெடிச்சத்தத்துக்கு இடம் விடறதுக்காக வசனமும் சேர்ந்து இறங்குது.

6/ இப்ப என் துறைக்கு வர்றேன். கல்யாண மண்டபத்துல மேளச் சத்தத்துக்கு நடுவுலயும் எதிர்ல நிக்கிறவர் பேசுறது எப்படிப் புரியுது? ரெண்டு காதுக்கும் வர்ற ஒலியை ஒப்பிட்டு, திசையை வச்சு மூளை பேச்சைப் பிரிச்செடுக்குது. வசனம் நடுவுல, இசை ரெண்டு பக்கம், மழை பின்னாடின்னு வந்தா பிரிக்கலாம். எல்லாமே அதே ரெண்டு ஓட்டையில இருந்து வந்தா? அந்த உதவி போச்சு. பின்னணி இசை வசனத்தை மூடிடும்.

7/ வயசானவங்களுக்கு இது ரெட்டை அடி. வயசாகும்போது கீச்சு ஒலிகளைக் கேக்குற திறன்தான் முதல்ல குறையும். உயிர் ஒலிகள் பலமானவை, கேக்கும். ச, த, ப மாதிரி மெய்கள் மெலிசானவை, நழுவிடும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல"ன்னு அவங்க சொல்றது பிடிவாதம் இல்ல. அது துல்லியமான அறிகுறி விளக்கம்.

8/ இன்னொண்ணு. டால்பி டிஜிட்டல் தடத்துல, நடுத் தடத்தை எவ்வளவு குறைச்சுக் கலக்கணும்னு ஒரு குறிப்பு இருக்கும். 3, 4.5, 6 டெசிபல்னு மூணு அளவு. யாரோ 6ன்னு விட்டுட்டா வசன அலையோட உயரம் பாதியாகும். பாக்ஸ் "சரவுண்ட்" செட்டிங்ல இருந்து, ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் மாட்டியிருந்தா நடுத் தடமே காணாமப் போகலாம். இசை கேக்கும், பேச்சு கேக்காது.

9/ "நல்ல ஹோம் தியேட்டர் வாங்க வேண்டியதுதானே?" அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில மாசத்தை ஓட்டுறவர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. "இயக்குநரோட கலைப் பார்வை"யாம். புரியாத வசனத்துல என்னங்க கலை? படத்துக்கு அவரும் சந்தா கட்டுறார்.

10/ கேக்கறது மூணுதான்.
ஒண்ணு: ஸ்டீரியோ தடத்தைக் கணக்குப் போட்டு இறக்காதீங்க. ஒருத்தர் உக்காந்து, சாதாரண டிவி ஸ்பீக்கர்ல கேட்டுக் கலக்கட்டும்.
ரெண்டு: வசனத்தை மட்டும் கூட்டுற வசதி. 2023லயே அமேசான் பிரைம் தன்னோட சில தயாரிப்புகளுக்கு இதைக் கொண்டு வந்துச்சு. முடியாத காரியம் இல்ல.
மூணு: தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே சப்டைட்டில். ஆங்கிலத்துல மட்டும் போட்டா எங்க பாட்டி என்ன செய்யும்?

11/ அதுவரைக்கும்: படத்தோட ஆடியோ மெனுவுல 5.1 இல்லாத தமிழ் தடம் இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. டிவி, பாக்ஸ் ரெண்டுலயும் ஒலி வெளியீட்டை "ஸ்டீரியோ" இல்லன்னா "பிசிஎம்"னு மாத்துங்க. "நைட் மோட்" இருந்தா போடுங்க, வெடிச்சத்தம் அடங்கும். சவுண்ட்பார் வாங்கினா நடு ஸ்பீக்கர் உள்ளதா பாருங்க.

12/ இதைப் படிச்சுட்டு காது சோதனையைத் தள்ளிப் போடாதீங்க. நேர்ல பேசும்போதும் "என்னது, என்னது"ன்னு கேட்டா, ஃபோன்ல புரியலன்னா, காதுல இரைச்சல் இருந்தா கட்டாயம் காட்டணும். திடீர்னு ஒரு காது கேக்கலன்னா அது அவசரம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

13/ இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. வசனம் புரியாதவர் ரெண்டு தடவை "என்ன சொன்னான்?"னு கேப்பார். மூணாவது தடவை வீட்ல எரிஞ்சு விழுவாங்க. அப்புறம் எழுந்து வாசல்ல போய் உக்காந்துடுவார். டிமென்ஷியாவைத் தடுக்க, நம்மால சரிசெய்யக்கூடிய 14 காரணங்களை லான்செட் ஆணையம் 2024ல பட்டியல் போட்டுச்சு. அதுல கேட்புக் குறைபாடும் ஒண்ணு, தனிமையும் ஒண்ணு.

14/ காது குறைஞ்சவருக்கு நாங்க மெஷின் எழுதித் தரலாம். குறையோட வர்ற ஒலித் தடத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல. அதைச் சரிபண்ண வேண்டியது அதை விக்கிறவங்க.