பக்கத்துக்குக் கூலி

சென்ற மாதம் நூற்பாலைத் தொழிலாளிப் பெண் ஒருவர் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு நோட்டுக் கட்டு. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, இரண்டு வருஷமாக எழுதிய நாவல். புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறதாம். "பணம் கட்டட்டுமா தோழர், இல்லை எல்லோரும் செய்கிற மாதிரி போனிலேயே ஏற்றிவிடட்டுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதல்ல. ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்லுகிறோம்.

முதல் வழி பழைய மோசடி. எழுதியவனிடமே பணத்தை வாங்கி அச்சடித்து, பிரதிகளை அவன் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போவது. புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? பதிப்பகத்தாரின் லாபம் முன்கூட்டியே பைக்குள் போய்விட்டது. இதைப்பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

இரண்டாவது வழிதான் கவனிக்க வேண்டியது. அமேசான் என்ற அமெரிக்க ஏகபோகக் கம்பெனி 2007-ல் கிண்டில் என்னும் மின்னூல் கருவியைக் கொண்டுவந்தது. நூலாசிரியர் தாமே தம் புத்தகத்தை ஏற்றி விற்கவும் வழி திறந்தது. 2016 கடைசியில் தமிழுக்கும் அது வந்தது. அச்சாபீஸ் வேண்டாம், முன்பணம் வேண்டாம், பெரிய மனிதர் சிபாரிசு வேண்டாம். பதிப்பகங்களின் வாசலையே மிதிக்க முடியாத எத்தனையோ பேர், முக்கியமாகப் பெண்கள், இதனால் நூலாசிரியர்கள் ஆனார்கள். இந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கூலி எப்படிக் கிடைக்கிறது?

வாசகர் மாதச் சந்தா கட்டுகிறார், இஷ்டம்போல் படிக்கிறார். எழுதியவருக்கோ, படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. 2015 ஜூலை முதல் இதுதான் முறை. மாதாமாதம் ஒரு தொகையைக் கம்பெனி ஒதுக்கும். உலகம் முழுவதும் படிக்கப்பட்ட பக்கங்களுக்கு அது பங்கிடப்படும். அமெரிக்க வாசகர் ஒரு பக்கம் படித்தால் அண்மை ஆண்டுகளில் அரை சென்ட்கூடத் தேறுவதில்லை. அந்தக் கூலி எவ்வளவு என்பதும் மாதம் முடிந்த பிறகுதான் தெரியும்! வேலையை முதலில் செய், கூலியைப் பிறகு சொல்லுகிறேன் என்று எந்த மில் முதலாளியாவது சொன்னால் நாம் விடுவோமா?

இன்னும் கேளுங்கள். இந்தச் சந்தாத் திட்டத்தில் சேர்ந்த மின்னூலை 90 நாட்களுக்கு வேறு எங்கும் மின்னூலாக விற்கக்கூடாது. சேராமல் தனியாக விற்கலாமே என்றால், இந்திய விற்பனையில் 70 சதவீதம் பங்கு வேண்டுமானால் அதில் சேர்ந்தே ஆகவேண்டும். சேராதவருக்கு 35 சதவீதம்தான்.

கூலி நெசவு செய்யும் தோழர்களுக்கு இது புதிதல்ல. தறி நெசவாளியுடையது, வீடு அவனுடையது, விளக்குக்கு எண்ணெயும் அவனுடையது. ஆனால் சந்தை வியாபாரியுடையது. ஆகவே அவன் வைத்ததே கூலி. நீயே முதலாளி என்று எழுத்தாளனிடம் சொல்லிவிட்டு, அவனைத் தறிக்குழியில் உட்கார வைத்திருக்கிறார்கள். முதலாளித்துவத்துக்கு மிகப் பொருத்தமான கூலி முறை பீஸ்-ரேட்தான் என்று மார்க்ஸ் 1867-ல் வெளிவந்த 'மூலதன'த்தில் எடுத்துக் காட்டினார். அது இன்று கதைக்கும் வந்துவிட்டது.

கூலி முறை சரக்கையும் மாற்றுகிறது. பக்கத்துக்குப் பணம் என்றால் கதை நீளத்தான் செய்யும். படிப்பவர் நடுவில் நிறுத்திவிட்டால் நஷ்டம். ஆகவே எது சுலபமாக இழுத்துச் செல்லுமோ அதுவே திரும்பத் திரும்ப வரும். இன்று தமிழில் அமோகமாக ஓடுவது காதல், குடும்ப நாவல்கள். அதில் 'ஆன்டி ஹீரோ' என்று ஒரு வகை. கதாநாயகன் பெரும்பாலும் கோடீஸ்வரன், கம்பெனி அதிபர். கதாநாயகியை மிரட்டுவான், கை நீட்டுவான், பலவந்தமாகத் தாலி கட்டுவான். கடைசியில் அவனுக்கும் நல்ல மனசு உண்டு என்று அவள் உருகிப்போவாள். ஆலையில் சூப்பர்வைசர் கையைப் பிடித்தால் அது குற்றம். 2013-ம் வருஷச் சட்டப்படி புகார் கொடுக்கிறோம். கதையில் முதலாளி பிடித்தால் மட்டும் அது காதலா?

இதற்காக இவற்றை எழுதும், படிக்கும் பெண்களைச் சில தோழர்கள் குப்பை என்று ஏளனம் செய்கிறார்கள். அது தவறு. நூறு வருஷத்துக்கு முன் சென்னை குஜிலிக் கடையில் காலணாப் பாட்டுப் புத்தகம் விற்றபோதும் பண்டிதர்கள் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். உழைத்துக் களைத்தவர்கள் கதை கேட்பது பாவமல்ல. நம் கதையை அவர்கள் கையில் கொடுக்காதது நம்முடைய குறை.

இப்போது இயந்திரமும் போட்டிக்கு வந்துவிட்டது. ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதுப் புத்தகங்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அமேசான் 2023 செப்டம்பரில் வரம்பு கட்டியது. நாளைக்கு மூன்று புத்தகம்! மனிதன் எழுதுகிற வேகமா இது? இயந்திரம் எழுதியதென்றால் கம்பெனியிடம் சொல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். வாசகரிடம் சொல்ல வேண்டும் என்று விதி செய்யவில்லை. அந்தப் பக்கங்களுக்கும் அதே தொகையிலிருந்துதான் பங்கு. ராத்திரி கண்விழித்து எழுதிய பெண்ணின் கூலியில் கை வைப்பது இதுதான்.

வழி இல்லையா? உண்டு. 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். எழுத்தாளருக்கு 30 சதவீதம் ராயல்டி கொடுத்தார்கள். கேரளத்தின் பெரிய பிரசுராலயங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

பக்கக் கூலியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வேறெங்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஒழிய வேண்டும். இயந்திரம் எழுதிய புத்தகத்தின் அட்டையிலேயே அதைச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர்களும் சங்கமாகச் சேர்ந்தால்தான் இவை கிடைக்கும். தனித்தனியாகக் கேட்ட கூலி எந்தத் தொழிலில் உயர்ந்தது?

அந்தப் பெண்ணுக்கு நம் பதில் இது: நாற்பதாயிரத்தைக் கட்டாதீர்கள், சகோதரி. போனில் ஏற்றுவதானால், நிபந்தனையைப் படித்து, கூலி தெரிந்து ஏற்றுங்கள். அதற்கு முன் அந்த நோட்டுக் கட்டைச் சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் ஒரு அத்தியாயமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்க நாம் இருக்கிறோம். நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் போட்டால் நூறு பிரதி அச்சாகும். அன்று அது நம் புத்தகம்.