தூக்கணாங்குருவிக்கும் ஒரு மரம் விடுவோம்

பட்டுத் தறிக்குப் பேர்போன காஞ்சிபுரம் பக்கத்தில், தறியே இல்லாமல் நெய்கிறது தூக்கணாங்குருவி. பாகிஸ்தான் முதல் ஜாவா வரை பரவியிருக்கும் பறவை. ஏரியும் வயலும் பனையும் சேர்ந்த தாமல் போன்ற ஊர்கள் அதற்கு ஏற்ற இடம்.

மழைக்காலத்தில்தான் கூடு கட்டும். நெல் தாள், புல், பனை ஓலை இவற்றிலிருந்து நார் கிழித்து ஆண்குருவி முடைகிறது. பாதிக் கூட்டைப் பெண்குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் நீண்ட வாசலும் வைத்துக் கூடு முழுமையாகும். 2 முதல் 4 முட்டைகள். அடைகாப்பது பெண் மட்டுமே.

நெல்லைத் தின்னுமே என்பார்கள். தின்னும்தான். ஆனால் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் பிடித்து ஊட்டுகிறதே, அது யாருக்கு லாபம்?

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் கரையோரக் கருவேலத்திலும் ஈச்சமரத்திலும்கூட இந்தக் குருவி கூடு கட்டும். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அவற்றைக் கூட்டோடு சாய்த்துவிடுகிறோம்.

கூடு தொங்கும் மரத்தை, குஞ்சுகள் பறக்கும்வரை தொடக்கூடாது என்று கிராமசபையில் ஒரு தீர்மானம் போடலாம். காசு செலவில்லாத காரியம். பெரியவர்கள் நாம்தான் எழுந்து பேசவேண்டும்.