கோவையா, திருப்பூரா?

சென்ற வாரம் ஒரு விவசாயத் தொழிலாளி சங்க ஆபீசுக்கு வந்தார். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அவருடைய ஊர். கூடவே மனைவியும், பத்தாம் வகுப்பு முடித்த மகளும் வந்திருந்தார்கள். உட்காரச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்:

"ஏனுங்க தோழர், கோயமுத்தூருக்குப் போறதுங்களா, திருப்பூருக்குப் போறதுங்களா? நீங்க சொல்ற ஊருக்கே போயிடறமுங்க."

இந்தக் கேள்வியோடு மாதத்தில் நாலு குடும்பமாவது வருகிறது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் கிளம்புகிறார்கள்?

ஆசைப்பட்டா ஊரை விட்டுக் கிளம்புகிறார்? இல்லை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. அதில் வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. தண்ணீரைத் திற என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று மன்றாடினார்கள். கிணறுகள் உப்பாயின. நிலம் வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு கேட்கக் கையில் பட்டா இருந்தது. அந்த நிலத்தில் களை வெட்டியவருக்கு என்ன இருந்தது? இரண்டு கைகள்தான். எந்தச் சாயத் தண்ணீர் அவருடைய வேலையைக் கெடுத்ததோ, அந்தச் சாயம் வந்த ஊரிலேயே போய் வேலை கேட்கலாமா என்று இன்று யோசித்து நிற்கிறார்.

கோவை

பெரிய ஊர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைச் சங்கைக் கேட்டுத்தான் வீட்டில் உலை வைத்தார்கள். இன்று பல ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் பொது முடக்கத்தில் நிறுத்தப்பட்டன. முடக்கம் நீங்கிய பிறகும் சங்கு ஊதவில்லை.

ஆனாலும் கோவை ஒரே தொழிலை நம்பிய ஊர் அல்ல. பம்ப் செட், கிரைண்டர், பவுண்டரி, லேத் பட்டறை, ஆஸ்பத்திரி, கட்டட வேலை என்று பல வழிகள் உண்டு. ஒன்று படுத்தால் இன்னொன்றைப் பிடிக்கலாம். கைத்தொழில் தெரிந்தவனுக்கு அது நல்ல ஊர்.

களைக்கொத்து மட்டுமே பிடித்துப் பழகியவருக்கு? அங்கே வாடகைதான் முதல் எதிரி. குளக்கரைகளில் குடியிருந்த குடும்பங்களையே கீரநத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். நகரத்தைக் கட்டியவர்கள் நகரத்தின் ஓரத்தில். வேலை ஓரிடம், வீடு ஓரிடம். பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதைத்தான் கூலி என்று எண்ண வேண்டும்.

திருப்பூர்

கோவையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பனியன் கம்பெனியில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்ந்தே வேலை கிடைக்கும். பிசிறு வெட்டுவது, அடுக்குவது, கைமடி என்று தொடங்கலாம். கண்ணும் கையும் பழகினால் மெஷினில் உட்காரலாம். சனிக்கிழமை சம்பளம். லைன் வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம்.

அதற்கு விலை என்ன? ஒன்றரை ஷிப்டு. காலையில் போனவர் இரவு எட்டரைக்குத்தான் திரும்புகிறார். பீஸ் ரேட், காண்ட்ராக்ட் என்ற பெயரில் பி.எப்.பும் இ.எஸ்.ஐ.யும் காணாமல் போகின்றன. மேலும், ஊர் முழுவதும் ஒரே தொழில். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, தையல்காரரும் செக்கிங் பெண்ணும் டீக்கடைக்காரரும் சேர்ந்தே பட்டினி கிடந்தார்கள். ஆற்றைக் கெடுத்தது லாபம். தண்டனை அனுபவித்தது கூலிக்காரன்.

மூன்றாவது வழி

பேச்சு முடிகிற நேரத்தில் அந்தத் தாய் மெல்லச் சொன்னார். ஊருக்கு ஒரு புரோக்கர் வந்து போகிறானாம். "புள்ளய மட்டும் மில்லு ஆஸ்டல்ல உடுங்க, மூணு வருசத்துல கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்" என்கிறானாம்.

இதுதான் சுமங்கலித் திட்டம். அந்தப் பெயர் கெட்டுப்போனதால் வேறு பெயர் சொல்வார்கள். பெண் மில் காம்பவுண்டுக்குள் இருப்பாள்; நினைத்தபோது வெளியே வர முடியாது. இடையில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் மொத்தப் பணம் என்ற பேச்சே இருக்காது. அவளுடைய கூலியைத்தான் பிடித்து வைத்து அவளுக்கே சீர் செய்வதாகச் சொல்கிறார்கள். தாய்மார்களே, இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்!

என் முடிவு

அந்தத் தோழருக்குச் சொன்னேன்: திருப்பூருக்குப் போங்கள். பெரியவர்கள் இருவருக்கும் வேலை கிடைத்தால்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்த முடியும். கம்பெனியும் அரசுப் பள்ளியும் நடக்கும் தூரத்தில் இருக்கிற வீடாகப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பஸ் காசு மிச்சம். சேர்ந்த நாளிலேயே பி.எப்., இ.எஸ்.ஐ. கேளுங்கள். மகள் பிளஸ் டூ முடித்ததும் கோவைக்கு அனுப்புங்கள்; அங்கே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இன்றைய கூலி திருப்பூரில், நாளைய தொழில் கோவையில்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எந்த ஊரும் தானாகக் கூலியை உயர்த்திக் கொடுத்ததில்லை. 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று பக்கத்து மெஷினில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளி இருப்பான். அவனும் உன்னைப்போல ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன்தான். அவனோடு சண்டை போட்டால் முதலாளிக்கு லாபம்; அவனோடு சங்கத்தில் சேர்ந்தால் இருவருக்கும் லாபம்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணைக் கேட்டேன்: "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"படிக்கிறனுங்க" என்றாள்.

அவள் படிக்க வேண்டும். இரண்டு ஊர்களில் இருக்கிற நம் தோழர்களும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கட்டும்.