ஏழுபேரைத் தெரிந்துகொண்ட சபை



பிரியமானவர்களே, எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்றாட விசாரணை விதவைகள் எல்லாருக்கும் பொதுவானதே; ஆயினும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர் அக்குறையை மறுக்கவில்லை, ஏழுபேரை ஏற்படுத்தினார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழும் கிரேக்கப் பெயர்களே என்பதைக் கவனியுங்கள். கதவு திறந்திருப்பது மட்டும் போதாது என்பதை ஆதிச்சபை அறிந்திருந்தது.

நம் பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழகங்களை நினைத்து இப்பகுதியைத் தியானித்தேன். ஒன்ராறியோவில் 2016-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அரச நிதி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகமும் பாலியல் வன்முறைக்கெனத் தனிக் கொள்கை வைத்திருக்கவேண்டும். மாணவர் கருத்தைக் கேட்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதை மீளாய்வு செய்யவேண்டும். முறைப்பாடு கொடுக்காமலே ஆதரவு பெறப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. இவற்றிற்காகத் தேவனைத் துதிப்போம்.

ஆயினும் கறுப்பின மாணவியும், பூர்வகுடி மாணவியும், நம் மகளும் அந்த வாசலில் தயங்கி நிற்பதுண்டு. காவல்துறையால் காயப்பட்ட சமூகத்தில் பிறந்தவளுக்கு, காவல்துறைக்குப் போ என்னும் ஆலோசனை எப்படி ஆறுதலாகும்? வெளிநாட்டு மாணவி தன் கல்வி அனுமதியை எண்ணி அஞ்சுகிறாள். தீங்கிழைத்தவன் தன் இனத்தவனானால், தன் மக்கள்மேல் ஏற்கெனவே உள்ள பழி பெருகுமே என்று இன்னொருத்தி வாய்திறவாதிருக்கிறாள். வேறொருத்தி தன் வீட்டையும் விசுவாசத்தையும் ஆலோசகருக்கு விளக்கியே களைத்துப்போகிறாள். ஆகையால் இவர்களுடைய மொழியையும் அச்சத்தையும் அறிந்த ஆலோசகர்களை அமர்த்துவது சலுகையல்ல, நீதி என்றே நான் சொல்லுவேன்.

ஆனால் தன் சமூகத்தவரிடம் பேசவே அஞ்சுகிறவர்களும் உண்டு. செய்தி வீட்டை எட்டிவிடும் என்பதே அவர்கள் பயம். யாரிடம் பேசுவது என்னும் தெரிவு அவளுடையதாகவே இருக்கட்டும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நம்மை நாமே கேட்போம்.

தாமாரை நினைத்துப்பாருங்கள். அவளுக்குக் கொடுமை நேர்ந்தபின், மவுனமாயிருக்கும்படி அவள் சகோதரன் அப்சலோம் சொன்னான். தாவீது ராஜா கோபங்கொண்டான், நீதி செய்யவில்லை. அவளோ சகோதரன் வீட்டில் தனித்துக் கிடந்தாள். குடும்ப மானத்தைச் சொல்லி நாம் ஒரு பிள்ளையை அடக்கும்போது, அப்சலோமின் குரலிலேயே பேசுகிறோம். கண்ணீர் காயுமுன்னே மன்னித்துவிடு என்று அவசரப்படுத்துவதும் மேய்ப்பனின் சத்தமல்ல.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை பேசத் தொடங்கினால், ஏன் போனாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று விசாரியாதிருங்கள். நம்புங்கள். உனக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவள் கேட்டால் கூடவே செல்லுங்கள். அவள் அனுமதியின்றி ஒருவரிடமும் சொல்லாதிருங்கள், ஜெபக் குறிப்பாகவுங்கூட.

விடுபட்டுப்போனவர்களைத் தேடிக் கண்ட ஆதிச்சபையின் இருதயத்தைக் கர்த்தர் நமக்கும் தருவாராக. ஆமென்.