அன்புக் கணவரும் பாசமிகு தந்தையும்

நம் நாட்டுத் தமிழ் நாளேடுகளின் மரண அறிவித்தல்களில் மாறாத சொற்றொடர்கள் இரண்டு உண்டு. 'அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார்.' பல்லாண்டுகளாக இவ்வரிகளை அச்சுப்படியில் திருத்தியவன் நான். எழுத்துப்பிழை உண்டா என்று பார்ப்போமே தவிர, பொருளைப் பார்ப்பதில்லை. பெயர்களை மட்டும் மாற்றி மறுநாளும் அதே வரிகளை அச்சேற்றுவோம்.

தலைவர்கள் மறையும்போது அந்த வரிகளும் காணாமற் போகின்றன. அவர் வகித்த அமைச்சு, பெற்ற வாக்கு, அமைத்த கூட்டணி ஆகியவற்றால் பக்கங்கள் நிரம்பிவிடும். ஒரு வீட்டிலிருந்து ஒரு மனிதர் போய்விட்டார் என்ற செய்தி மட்டும் எங்கும் இராது.

மலையகம் அண்மைக் காலத்தில் இத்தகைய இரு மரணங்களைக் கண்டது. இருவரும் 1994 ஆகஸ்ட் பொதுத்தேர்தலில், நுவரெலியா மாவட்டத்திலிருந்து முதன்முறையாக நாடாளுமன்றம் சென்றவர்கள். ஒருவர் மலையக மக்கள் முன்னணியின் தலைவர் அமரர் பெரியசாமி சந்திரசேகரன். தலவாக்கலையின் பிள்ளை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறையிருந்தவர். அத்தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்களும் முஸ்லிம் காங்கிரஸுக்கு 7 ஆசனங்களும் கிடைத்தன. 225 பேர் கொண்ட சபையில் 113 என்ற பெரும்பான்மையை நிறைவு செய்தது சந்திரசேகரனின் ஒற்றை ஆசனம். 2010 ஜனவரி முதலாம் திகதி, நாடு புத்தாண்டு வாழ்த்துக் கூறிக்கொண்டிருந்தபோது, மாரடைப்பால் காலமானார். வயது 52.

மற்றவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அமரர் ஆறுமுகன் தொண்டமான். 2020 மே 26 ஆம் திகதி திடீரென மறைந்தார். தமது 56ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. கொரோனாக் காலம் அது. ஊரடங்கின் நடுவே நோர்வூட் மைதானத்தில் இறுதிக் கிரியைகள் நடந்தன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்த அதே மைதானம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்பது அவர் இறுதிவரை கேட்டுவந்த கோரிக்கை. 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தபோது கேட்டவர் இல்லை.

இரு மரணங்களுக்குப் பின்னரும் 'அடுத்தது யார்?' என்றே நாம் எழுதினோம். சந்திரசேகரனின் துணைவியார் சாந்தினி கட்சித் தலைமையை ஏற்றார். மகள் அனுஷா 2020 தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஆறுமுகன் தொண்டமானின் மகன் ஜீவன், தந்தையின் இடத்தில் வேட்பாளராகி, 25 வயதில் நாடாளுமன்றம் சென்றார். வாரிசு அரசியல் என்று விமர்சித்தோம். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், துக்கம் ஆறுவதற்கு முன்னரே மேடையேறிப் பேச வேண்டிய நிலை ஒரு மனைவிக்கும் ஒரு மகனுக்கும் எத்தகையது என்பதை நம்மில் யாரும் கேட்டு எழுதவில்லை.

அவர்களுக்காவது கைகொடுக்க ஒரு கட்சி இருந்தது. சட்டத்தரணிகள் இருந்தனர். செய்தியைச் சொல்லப் பத்திரிகைகள் இருந்தன. நான் சொல்ல விரும்புவது இவை எவையும் இல்லாத மூன்றாவது மரணத்தைப் பற்றி.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்து வீடு திரும்பியதும் உறங்கப் போக மாட்டார். மனைவி பிரட்டுக்குப் புறப்பட்டுப் போயிருப்பார். ரொட்டி சுட்டு, பிள்ளைகளுக்குத் தலை வாரி, மேற்பிரிவிலிருந்து தார்ச்சாலை வரை இளைய மகளின் புத்தகப் பையைத் தாமே சுமந்துகொண்டு இறங்குவார். 'படிக்கிற பிள்ளைக்கு முதுகு வலிக்கக் கூடாது' என்பார். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மனைவிக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டு செல்வார். மலையில் நின்ற பெண்கள் கேலி செய்வார்கள், சிரித்துக்கொள்வார். ஒரு நாள் காலை வேலை முடிந்து வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர் எழவில்லை. லயத்து மக்கள் காசு சேர்த்தார்கள். பெட்டி வாங்கினார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. எந்தப் பத்திரிகையிலும் மரண அறிவித்தல் வரவில்லை.

தோட்டத்து ஆண்மகன் என்றால் நம் கட்டுரைகளிலும் ஆய்வறிக்கைகளிலும் பெரும்பாலும் ஒரே உருவம்தான்: மனைவியின் சம்பளத்தைக் குடித்து அழிப்பவன். அப்படிப்பட்டோர் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களால் அழிந்த குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். ஆயினும் மேற்சொன்ன மனிதரைப் போன்றோர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்தியாவதில்லை. குளவி கொட்டியோ, மரம் முறிந்து விழுந்தோ, மண்சரிவிலோ, மாரடைப்பிலோ இறந்தால் மட்டும், 'தொழிலாளி ஒருவர் பலி' என்று இரண்டு வரி வருகிறது.

இனி நடப்பதுதான் முக்கியம். இறந்தவரின் உழைப்புக்கு உரிய பணம் சட்டப்படி குடும்பத்துக்குச் சேர வேண்டும். 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதி உண்டு. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் உழைத்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம். இருபது ஆண்டு உழைத்தவர் என்றால் 280 நாட் சம்பளம். தொழிலாளி இறந்தாலும் இவ்வுரிமை சாவதில்லை, உரித்தாளருக்குச் சேரும்.

ஆனால் உரித்தாளர் யார் என்பதற்குக் காகிதம் வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்து, திருமணத்தைப் பதியாமலே விட்டவர்கள் தோட்டங்களில் பலர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாவது பெயர். இளவயதில் பெயர் பதிந்தபோது தாயைப் பின்னுரித்தாளியாகக் குறித்தவர், திருமணத்துக்குப் பிறகு அதனை மாற்றியிருக்க மாட்டார். நான் சொன்ன மனிதரின் மனைவி, இப்பெயர்கள் மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று நிரூபிக்க, ஓராண்டுக்கு மேல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். போன ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாட்கூலி நட்டம். இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர், தம் கணவர் தம் கணவர்தாம் என்று அந்நியர் முன்னிலையில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

வீடும் அவ்வாறே. லயத்து அறை தோட்டத்துக்கு உரியது; அதில் வாழ்வோரின் பிடிமானம் தொழிலைச் சார்ந்தது. உழைப்பவர் போனபின், அக்குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் பதியாவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. அந்த அச்சத்தால் படிப்பை நிறுத்திய மூத்த பிள்ளைகளை நான் அறிவேன். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வெறும் சுவரும் கூரையும் அல்ல. தந்தை இறந்தாலும் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம் என்ற உறுதி அது.

ஆகவே தலைவர்களின் நினைவு தினங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மாலை அணிவியுங்கள், அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்நாளில் தோட்டம் தோறும் ஒரு மேசையும் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களையும் வையுங்கள். திருமணம் பதியாதவர்களுக்குப் பதிவாளரை வரவழையுங்கள். சேமலாப நிதியின் பின்னுரித்தாளிப் படிவத்தைச் சரிபாருங்கள். பெயர் மாறுபாடுகளை, ஆள் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். இனி வழங்கும் காணி உறுதி ஒவ்வொன்றும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. சந்தாப் பணத்தைத் தவறாமல் பெறும் தொழிற்சங்கங்களால் செய்யக்கூடிய வேலைதான்.

இதனை வாசிக்கும் மலையகத்து ஆண்களுக்கும் ஒரு சொல். மரணத்தைப் பற்றி வீட்டில் பேசுவது அபசகுனம் என்று எண்ணாதீர்கள். உங்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி இலக்கம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பது மனைவிக்குத் தெரியட்டும். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்று பிறர் எழுதும் வரிகளுக்கு உயிரோடு இருக்கும்போது நீங்கள் இடக்கூடிய கையொப்பம் அதுவே.