கியர்ல என்ன பாஸ் கவுரவம்?

ரோடு பைக் வாங்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அப்பாகிட்ட பாதி பணத்துக்கு சாங்ஷனும் வாங்கியாச்சு. உங்க வெயிட் 95 கிலோ. ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா ஏற்காடு ஏறப் போறாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு! 'நீயும் வர்றியா மச்சி?'ன்னு கேக்கும்போதே ஒரு நமுட்டுச் சிரிப்பு.

சிரிக்கட்டும். நாம கணக்கு போடுவோம்.

100 மீட்டர் போனா 7 மீட்டர் ஏறுற ரோடுன்னு வெச்சுக்கோங்க. உங்க 95 கிலோவோட சைக்கிள், தண்ணி பாட்டில்னு ஒரு 10 கிலோ. ஒல்லி நண்பன் 65 கிலோ, அவனுக்கும் அதே 10. ரெண்டு பேரும் 180 வாட் சக்தியில மிதிச்சா, அவன் மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல போவான். நீங்க 8. உங்க தொடையில பலம் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கலாம். ஆனா அவனோட சரிக்குச் சரி ஏற, 40 சதவீதம் ஜாஸ்தி வேணும் பாஸ்!

இப்போ கியருக்கு வாங்க. முன் சக்கரப் பல்லை பின் சக்கரப் பல்லால வகுங்க. பெடல் ஒரு சுத்து சுத்தினா டயர் எத்தனை சுத்து சுத்தும்னு தெரிஞ்சிடும். டயரோட ஒரு சுத்து சுமார் 2.1 மீட்டர். முன்னாடி 34, பின்னாடி 28 பல் போட்டா, அந்த ஏத்தத்துல ஒல்லி நண்பன் நிமிஷத்துக்கு 75 சுத்து ஜம்முனு மிதிப்பான். அதே பைக்ல உங்களுக்கு 52 தான் வரும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுற மாதிரி. மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே முழங்கால் முறுக்கிக்கும். 'நம்ம உடம்புக்கு சைக்கிள் ஒத்துவராது'ன்னு பலர் பைக்கை வித்துடுற இடம் இதுதான். ஒத்துவராதது கியர்!

பின்னாடி 34 போடுங்க, 63 சுத்து. முன்னாடியும் 30 ஆக்கினா 72. ஒல்லி நண்பன் மிதிக்கிற அதே தாளம், வேகம் மட்டும்தான் கம்மி.

'சின்ன கியர் வீக்கானவங்களுக்கு'ங்கிற கவுரவம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பிச்ச ஆன்ரி தெக்ரான்ஜுக்கு கியர் மாத்துறதுன்னாலே இளக்காரம். வயசானவங்க சமாச்சாரம்னு நினைச்சவர். அந்தப் பந்தயத்துல டிரெயிலியருக்கு எல்லாருக்கும் அனுமதி கிடைச்சதே 1937-லதான். 2023 ஜிரோ டி இத்தாலியாவுல, மோன்டே லுஸ்ஸாரிங்கிற செங்குத்து மலையில, ப்ரிமோஸ் ரோக்லிச் பின்னாடி 44 பல் வரைக்கும் வெச்சுக்கிட்டு ஏறினார். நடுவுல செயின் கழண்டும் அந்த ஸ்டேஜை ஜெயிச்சார், மொத்தப் பந்தயத்தையும் 14 செகண்ட்ல தட்டிட்டார். மலைப் பந்தயத்துக்குன்னே செதுக்கின உடம்புக்கே 44 தேவைப்படுது!

'சின்ன கியர் போட்டா ஃப்ளாட் ரோட்டுல ஸ்பீடு போயிடுமே'ன்னு கடைக்காரர் பயமுறுத்துவார். முன்னாடி பெரிய பல் 46, பின்னாடி சின்ன பல் 11 இருந்தா, 90 சுத்துல மணிக்கு 47 கிலோமீட்டர் வரும். காலேஜுக்கு லேட்டானாலும் அவ்ளோ ஸ்பீடு தேவையில்ல. இறக்கத்துல மிதிக்கவே வேணாம், உங்க வெயிட்டே இழுத்துட்டுப் போகும். ஒல்லி நண்பன் பின்னாடி பொறாமையில வருவான்.

ஒரு கஷ்டம் உண்டு, மறைக்கலை. 11-லேர்ந்து 34 வரை போற கேஸட்ல பல்லுக்குப் பல் இடைவெளி ஜாஸ்தி. சமதளத்துல ஒரு கியர் கனமாவும் அடுத்தது லேசாவும் தோணும். ரெண்டு வாரத்துல கால் பழகிடும்.

வாங்கும்போதே 50/34 இல்லாட்டி 46/30 கிராங்க் இருக்கிற மாடலைக் கேளுங்க. பழைய ரேஸ் பைக்ல வர்ற 53/39 கிராங்க்னா, எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. ஏற்கெனவே பைக் இருந்தா கேஸட்டை மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க. பின் டிரெயிலியரோட கூண்டு குட்டையா இருந்தா 34 பல்லைத் தாங்காது, நீளக் கூண்டு வேணும். எத்தனை பல் வரைக்கும் தாங்கும்னு கம்பெனி போட்டிருக்கும், மாடல் நம்பரை வெச்சுப் பாருங்க. செயினும் நீளமா வேணும். மாட்டி முடிச்சதும் கடையிலேயே பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு, முன்னாடி பெரிசு பின்னாடி பெரிசுன்னு போட்டு மெதுவா சுத்தச் சொல்லுங்க. செயின் விறைச்சு டிரெயிலியரை இழுத்தா நீளம் பத்தலை. காசு குடுக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய டெஸ்ட் இது.