கைல ஒரு பி.எட். இருக்கட்டுமே!



போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டுல ஒரு வட்ட மேஜை மாநாடு நடந்துச்சு. (மேஜை எல்லாம் கிடையாது. தரைதான்.) அஜெண்டா ஒண்ணே ஒண்ணு: 'பையன் பி.இ. முடிச்சுட்டு என்ன பண்ணப் போறான்?' ராஜபாளையம் மில்லுல ஷிப்ட் முடிச்சுட்டு வந்த அப்பா, சாப்பிட்ட கையோட தீர்மானத்தை முன்மொழிந்தார். "கம்பெனி கிடைச்சா போ. கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. ஒரு பி.எட். முடிச்சு கைல வச்சுக்கோ." அம்மா உடனே வழிமொழிந்தார். தெருவுல யார் யார் வீட்டுப் பையன் வாத்தியார் வேலைக்குப் போய் வீடு கட்டினான்னு ஒரு லிஸ்ட்டும் வாசிக்கப்பட்டது.

உங்க வீட்டுலயும் இந்த டயலாக் ஓடியிருக்கும். பொண்ணுங்களா இருந்தா கூடவே ஒரு போனஸ் வரி: "நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கவும் நல்லது." ஆக, நம்ம ஊர்ல பி.எட். என்பது கார் டிக்கியில கிடக்கிற ஸ்டெப்னி மாதிரி. வண்டி பஞ்சர் ஆனா மாட்டிக்கலாம்!

அந்த மாநாட்டுல வாயே திறக்காத ஒரே ஆள், என் அக்கா. காரணம், அந்த ரூம்ல பி.எட். படிச்ச ஒரே ஆளும் அவதான்.

அக்கா கதைக்குப் போறதுக்கு முன்னாடி, நம்ம இன்ஜினீயரிங் ஜனங்களுக்காக ஒரு தகவல். 'பி.இ. படிச்சவன் பி.எட். சேர முடியுமா'ன்னு கேட்டா, முடியும். என்.சி.டி.இ.ன்னு ஒரு அமைப்பு இருக்கு. நாடு முழுக்க ஆசிரியர் படிப்புக்கு விதி போடுறது அவங்கதான். அவங்களோட 2014 விதிகள் ரெண்டு வேலை செஞ்சது. ஒரு வருஷமா இருந்த பி.எட்.டை ரெண்டு வருஷமா ஆக்கியது. 55 சதவீத மார்க் வாங்கின பி.இ., பி.டெக். பட்டதாரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டுல 2015ல இருந்து சீட்டும் ஒதுக்கினாங்க. ஆனா பி.எட். முடிச்சுட்டு அரசுப் பள்ளிக்குப் போக முடியுமா என்பது ரொம்ப நாள் தொங்கல்ல இருந்துச்சு. 2019 டிசம்பர்லதான், பி.இ.யோட பி.எட். முடிச்சவங்களும் தகுதித் தேர்வு எழுதி, 6 முதல் 8 வரை கணக்கு வாத்தியார் ஆகலாம்னு அரசாணை வந்துச்சு. ஸோ, அப்பா சொன்னது சட்டப்படி சரி. எனக்குத்தான் வயித்துல புளி கரைச்சுது.

அக்கா ராஜபாளையத்துலயே பி.எஸ்ஸி. மேத்ஸ். 2023ல பி.எட். சேரணும்னு கிளம்பினப்போ முதல்ல வந்தது படிப்பு இல்ல, ஒரு ஆஃபர்! தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, வெளியூர் காலேஜ் ஒண்ணோட பேரைச் சொல்லி, "ஃபீஸை மட்டும் கட்டிருங்க. பாப்பா போகவே வேண்டாம். பரிட்சைக்கு மட்டும் வந்தா போதும். ரெக்கார்டுகூட எழுதிக் குடுக்க ஆள் இருக்கு"ன்னார். இத்தனைக்கும் விதிப்படி வருஷத்துக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிக்கூடப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகைப் பதிவு கட்டாயம். அப்பாவுக்கு அந்த ஆஃபர் மேல ஒரு கண்ணு இருந்துச்சு. பஸ் காசு மிச்சமாகுமே! அக்கா மட்டும், "அப்படின்னா எதுக்குப்பா படிக்கணும்? ஜெராக்ஸ் கடையில கேட்டா அவனே அடிச்சுக் குடுப்பானே"ன்னா. மேட்டர் க்ளோஸ்.

அரசு, உதவிபெறும் கல்லூரி சீட்டுக்கும் போட்டுப் பார்த்தாள். மாநிலம் முழுக்க அந்தக் கல்லூரிகள் 21தான். சீட்டு மொத்தம் ரெண்டாயிரத்துச் சொச்சம். கிடைக்கல. கடைசியில் ஒரு சுயநிதிக் கல்லூரி. தினம் பஸ்.

முதல் வருஷம் எங்களுக்கு செம காமெடி. நுண்நிலை கற்பித்தல்னு ஒண்ணு உண்டு. மைக்ரோ டீச்சிங். 1960கள்ல அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச முறை. நாற்பது பேர் இருக்கிற வகுப்புக்குள்ள முதல் நாளே தள்ளிவிடாம, அஞ்சு பத்து பேரை உட்கார வச்சு, அஞ்சு பத்து நிமிஷம் மட்டும், ஒரே ஒரு திறமையைப் பழகுறது. பாடம் தொடங்குறது ஒரு நாள், கேள்வி கேட்குறது ஒரு நாள், 'வெரி குட்' சொல்றது ஒரு நாள்! (அதுக்கு 'வலுவூட்டல் திறன்'னு பேரு.) அப்புறம் குறை சொல்வாங்க. திருத்தி மறுபடி நடத்தணும். காலேஜ்ல கிளாஸ்மேட்டுங்க ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களா நடிப்பாங்களாம். வீட்டுல அந்த ரோல் எனக்கும் பாட்டிக்கும். பாட்டி சூப்பர் ஸ்டூடண்ட். என்ன கேட்டாலும் "நீயே சொல்லு தாயி"ம்பாங்க.

ரெண்டாம் வருஷம் காமெடி நின்னுடுச்சு. பதினாறு வாரம் பள்ளிக்கூடத்துல பயிற்சி. அக்காவுக்குக் கிடைச்சது ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பெண்கள் பள்ளி. காலையில புடவையைக் கட்டிக்கிட்டு, சுருட்டின சார்ட்டையும் தெர்மாகோல் மாடலையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ராஜபாளையத்துல பஸ் ஏறுவாள். அந்தக் கூட்டத்துல சார்ட் நசுங்காம ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்குறதே ஒரு தனித் திறமை. அதுக்கு மார்க் கிடையாது.

பிள்ளைங்க இவளை மதிக்குமா? மதிக்காது. 'ட்ரெய்னிங் டீச்சர்'னாலே எல்லா ஸ்கூல்லயும் ஒரு இளப்பம்தானே... நாமளும் அப்படித்தானே இருந்தோம்!

ஏழாம் வகுப்பு. முழுக்கள் பாடம். மைனஸ் எண்ணுன்னா என்னன்னு புரிய வைக்க, கடனை உதாரணமா எடுத்துக்கிட்டா. கையில இருந்தா ப்ளஸ், கடன் இருந்தா மைனஸ். பிள்ளைங்க கப்புனு பிடிச்சுக்கிட்டாங்க. மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ப்ளஸ்னு போர்டுல எழுதினப்போ, கடைசி பெஞ்ச்ல ஒரு பொண்ணு எழுந்திரிச்சா.

"டீச்சர், கடனையும் கடனையும் பெருக்கினா எப்படி டீச்சர் கையில காசு வரும்?"

வகுப்பே சிரிச்சுது. அக்கா சிரிக்கல. "அது விதிம்மா. அப்படித்தான் போடணும். எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டா. பின்னாடி உட்கார்ந்து கவனிச்சுக்கிட்டிருந்த வழிகாட்டி ஆசிரியை, பெல் அடிச்சதும் கிட்ட வந்து சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "பாடம் நல்லா இருந்துச்சு. ஆனா அந்தப் பிள்ளைக்கு நீ பதில் சொல்லலம்மா. நாளைக்குச் சொல்லிடு."

ராத்திரி அக்கா என்கிட்ட வந்தாள். "டேய், நீதான் பெரிய மேத்ஸ் எல்லாம் படிக்கிறியே. மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன்டா ப்ளஸ்?"

நான் கெத்தா ஆரம்பிச்சேன். "சிம்பிள்க்கா. சைன் ரூல்."

"அது தெரியும். ஏன்?"

மக்களே, எம்-1, எம்-2 ரெண்டுலயும் அரியர் இல்லாம தப்பிச்சவன் நான். ஃபூரியர் சீரிஸ் போடுவேன். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் போடுவேன். ஏழாங்கிளாஸ் பொண்ணு கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லைங்கிறதுகூட அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது! யாரும் கேட்கல, நானும் யாரையும் கேட்கல. போட்டேன், மார்க் வந்துச்சு.

ரெண்டு பேரும் பதினொரு மணி வரை உட்கார்ந்தோம். முதல்ல ஒரு வரிசை எழுதினா. மூணு இன்ட்டு மைனஸ் ரெண்டு, மைனஸ் ஆறு. ரெண்டு இன்ட்டு மைனஸ் ரெண்டு, மைனஸ் நாலு. ஒண்ணுன்னா மைனஸ் ரெண்டு. பூஜ்யம்னா பூஜ்யம். விடை ரெண்டு ரெண்டா ஏறிக்கிட்டே வருதா? அப்போ அடுத்தது மைனஸ் ஒண்ணு வந்தா விடை ப்ளஸ் ரெண்டா இருந்தாத்தானே வரிசை உடையாம இருக்கும்! எனக்குப் புல்லரிச்சுது. அக்காவுக்குத் திருப்தி இல்ல. "அவ வரிசையைக் கேட்கலைடா. கடனைத்தான் கேட்டா."

மறுநாள் பஸ்ல வச்சுத்தான் அவளுக்கு அது பிடிபட்டதாம். வகுப்புல அந்தப் பொண்ணையே எழுப்பிக் கேட்டிருக்கா. "உங்க வீட்டுக்கு அம்பது ரூபாய்க் கடன் ரெண்டு இருக்கு. அந்த ரெண்டையும் ஒருத்தர் வந்து இனிமே கட்ட வேண்டாம்னு எடுத்துட்டுப் போயிட்டா? எடுக்கிறது ஒரு மைனஸ், கடன் ஒரு மைனஸ். இப்ப உங்க வீட்டுக்கு எவ்வளவு மிச்சம்?"

அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கத்தினாளாம். "நூறு ரூபா! ஓ... தள்ளுபடியா டீச்சர்!"

அன்னிக்கு வீட்டுக்கு வந்த அக்கா மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். கையில ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ வேற! அதுக்கப்புறம் அந்த வகுப்புல 'ட்ரெய்னிங் டீச்சர்' போயி 'மேத்ஸ் டீச்சர்' ஆயிட்டா. அந்த வெளியூர் காலேஜ்ல சேர்ந்திருந்தா இதே சர்டிஃபிகேட் கிடைச்சிருக்கும். இந்தக் கேள்வி மட்டும் கிடைச்சிருக்காது.

இதோட 'சுபம்' போட்டிருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அப்பா நினைக்கிற மாதிரி பி.எட். முடிச்சா வேலைங்கிற காலம் எப்பவோ போயிடுச்சு. சென்னையில ஆசிரியர் பயிற்சிக்குன்னு 1856லயே பள்ளி தொடங்கினாங்க. அதுதான் பின்னாடி சைதாப்பேட்டைக்குப் போய், இன்னிக்கு அங்க இருக்கிற ஆசிரியர் கல்லூரியா வளர்ந்தது. அந்தக் காலத்துல இந்தப் பட்டத்துக்கு எல்.டி.ன்னு பேரு, அப்புறம் பி.டி. ஆச்சு, அப்புறம் பி.எட். (பட்டம் மாறியும் பட்டதாரி ஆசிரியரை இன்னும் 'பி.டி. அசிஸ்டென்ட்'னுதான் கூப்பிடுறோம். பழைய போர்டை நம்ம ஊர்ல யாரும் கழட்டுறதில்லை.) வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சுட்டு, பதிவு மூப்பு வர்ற வரைக்கும் காத்திருந்து, தலை நரைச்சு வேலைக்குப் போனவங்க உண்டு.

கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, 2010 ஆகஸ்ட் 23ல என்.சி.டி.இ. அறிவிச்சதுதான் டெட், ஆசிரியர் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டுல முதல் டெட் 2012 ஜூலையில நடந்துச்சு. ஆறு லட்சத்துக்கும் மேல எழுதினாங்க. தேறினவங்க ஒரு சதவீதம்கூட இல்ல! ஒன்றரை மணி நேரத்துல 150 கேள்வி. அப்புறம்தான் நேரத்தை மூணு மணியா ஆக்கி, அதே வருஷம் மறுதேர்வு வச்சாங்க. சரி, டெட் தேறிட்டா வேலையா? அதுவும் இல்ல. 2018 அரசாணைப்படி, தேறினவங்க இன்னொரு போட்டித் தேர்வும் எழுதணும். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரி 4ல. அறிவிப்பு வந்தப்போ இடங்கள் 2,222. மாநிலம் முழுசுக்கும்!

அக்கா 2025ல பி.எட். முடிச்சு ஒரு தனியார் பள்ளியில சேர்ந்தா. சம்பளத்தைச் சொன்னா நீங்க பார்ட் டைம் சம்பளம்னு நினைப்பீங்க, விடுங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம். 1875ல தொடங்கினது. அங்க உட்கார்ந்து டெட்டுக்குப் படிச்சா. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, கணக்கும் அறிவியலும் 60. பொதுப்பிரிவுக்கு 90 வாங்கினா தேர்ச்சி.

நவம்பர் 16ல தேர்வு. மையத்துக்குத் துணைக்குப் போனது நான்தான். கேட்டுக்கு வெளியே ஹால் டிக்கெட்டும் கையுமா நின்ன கூட்டத்துல பாதிப் பேருக்கு எங்க அம்மா வயசு. முதல்ல பிள்ளைகளுக்குத் துணையா வந்திருக்காங்கன்னு நினைச்சேன். இல்லையாம்... அவங்களும் எழுத வந்தவங்க!

விஷயம் இதுதான். டெட் வர்றதுக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு அது வரைக்கும் விலக்கு இருந்துச்சு. 2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் தேறணும். அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்க வேலையில தொடரலாம். பதவி உயர்வு வேணும்னா அவங்களும் தேறணும். தீர்ப்பு வந்தப்போ அந்த டெட்டுக்கு விண்ணப்பிக்க சில நாள்தான் பாக்கி.

அக்கா திடீர்னு என் கையைப் பிடிச்சு நிறுத்தினா. வேப்பமரத்தடியில, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு நோட்டைப் புரட்டிக்கிட்டிருந்தாங்க ஒரு டீச்சர். அவளோட வழிகாட்டி ஆசிரியை! பதிவு மூப்புல 2008ல வேலைக்கு வந்தவங்க. போன வருஷம் கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து இவளுக்கு மார்க் போட்டவங்க.

அக்காவுக்கு என்ன பேசுறதுன்னு தெரியல. "நல்லா எழுதுங்க டீச்சர்"னு சொல்ல வாயைத் திறந்து, சொல்ல முடியாம நின்னா. அவங்கதான் நோட்டை மூடிட்டு, "வாம்மா, உனக்கு எந்த ஹால்?"னாங்க.

எனக்கு ஒரே குழப்பம். பதினேழு வருஷமா பாடம் நடத்துற ஒருத்தரை, ஓ.எம்.ஆர். ஷீட்டுல வட்டம் நிரப்பச் சொல்லித்தான் தகுதி பார்க்கணுமா? இந்தப் பக்கம், காலேஜ் பக்கமே போகாம சர்டிஃபிகேட் வாங்குற ஆளுங்க இருக்கிற ஊர்ல, ஒரு தேர்வுகூட இல்லைன்னா எப்படி வடிகட்டுறது? ரெண்டு கேள்வியும் நியாயமாத்தான் படுது. அந்தப் பொண்ணுக்கு நீ பதில் சொல்லலன்னு கண்டுபிடிக்கிற கண்ணை அளக்க, எந்தக் கொள்குறி வினாவும் இல்லைங்கிறது மட்டும் எனக்கு உறுதி.

அப்பாவோட ஸ்டெப்னி ஐடியாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. நாலு வருஷ டிகிரிக்காரங்களுக்கு ஒரு வருஷ பி.எட். வரலாம்னு 2025ல என்.சி.டி.இ. வரைவு விதி விட்டதைப் பார்த்து அவர் குஷியா இருக்கார். வரைவை நம்பி யாரும் திட்டம் போடாதீங்க. எனக்கு யோசனை வேற. பாட்டியையும் பக்கத்து வீட்டு வாண்டுகள் நாலையும் உட்கார வச்சு, வர்ற லீவுல பின்னக் கூட்டல் சொல்லிக் குடுத்துப் பார்க்கப் போறேன். 'ஏன்'னு ஒருத்தன் கேட்டு, அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருந்தா அப்ளிகேஷன் வாங்கலாம். எரிச்சல் வந்தா, இருக்கவே இருக்கு கேம்பஸ் இன்டர்வியூ.

தேர்வு முடிஞ்சு மூணு பேரும் ஒரே பஸ்லதான் திரும்பினோம். டீச்சர் ஜன்னலோரம், பக்கத்துல அக்கா, பின் சீட்டுல நான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பிச்சதும் டீச்சர் இறங்கத் தயாரானாங்க. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அக்கா பக்கம் குனிஞ்சு, கொஞ்சம் தயங்கி, மெதுவாக் கேட்டாங்க.

"ஏம்மா, அந்த பின்னக் கணக்குக்கு நீ என்ன ஆன்சர் போட்டே?"